இங்கிலாந்துல சாதாரண மில் தொழிலாளி குடும்பத்தோட பூர்வீகத்த அரசாங்க ரெக்கார்ட்ஸ் வச்சு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நான் செஞ்சு பாத்துட்டு சொல்றேன். என் மனைவி இங்கிலீஷ்காரங்க, அவங்க அம்மா வழில எல்லாரும் ஓல்டம்காரங்க, மான்செஸ்டர் பக்கத்துல இருக்குற பஞ்சாலை ஊரு. நெலம் கிடையாது, உயில் கிடையாது, பழைய ஃபோட்டோ ரெண்டே ரெண்டு. ஒருநாள் சாப்பிடும்போது மாமியார் "எங்க தாத்தாவுக்கு மேல யாரு என்னன்னே தெரியாது"ன்னு சொன்னாங்க, நான் சும்மா இருக்காம லேப்டாப்ப எடுத்தேன், அப்புறம் ஆறு மாசம் ராத்தூக்கம் போச்சு.

இப்ப இருக்குற ஆள்லேர்ந்து பின்னாடி போங்க, மேலேர்ந்து கீழ வராதீங்க. பிறப்பு, கல்யாணம், இறப்பு மூணையும் 1837 ஜூலை 1லேர்ந்து அரசாங்கம் பதிவு பண்ணிருக்கு. இதுல கல்யாண சர்டிஃபிகேட்தான் தங்கம், ஏன்னா மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரோட அப்பா பேரும் அவங்க பாத்த வேலையும் அதுல இருக்கும். ஃப்ரீபிஎம்டி சைட்ல இன்டெக்ஸ் ஃப்ரீயா தேடலாம். பத்து வருஷத்துக்கு ஒருதடவ சென்சஸ், ஆனா 1841லதான் ஆளாளுக்கு பேர் போட்டாங்க, அதுலயும் பதினஞ்சு வயசுக்கு மேல இருந்தா வயச அஞ்சோட மடங்குக்கு கீழ இறக்கி எழுதிட்டாங்க. 1851லேர்ந்துதான் சரியான வயசும் பொறந்த ஊரும். நூறு வருஷம் பூட்டி வச்சுத்தான் திறப்பாங்க, அதனால இப்போதைக்கு கடைசி 1921. 1931 சென்சஸ் 1942ல தீயில போச்சு, 1941ல போர்னால எடுக்கவே இல்ல, நடுவுல 1939 செப்டம்பர்ல எடுத்த ரெஜிஸ்டர் ஒண்ணு கைகொடுக்கும்.

வயச மட்டும் நம்பிடாதீங்க. எங்க வீட்டுப் பாட்டி ஒருத்தி பத்து வருஷ இடைவெளில ஏழு வயசுதான் ஏறிருக்கா. பேரும் அப்படித்தான், ஒரே தெருவுல ஒரே பேர்ல மூணு பேர். நான் மூணு வாரம் வேற எவனோ ஒருத்தனோட வம்சத்த தேடிட்டு இருந்தேன், கடைசில அப்பா பாத்த வேலைய வச்சுத்தான் பிரிக்க முடிஞ்சுது, ஒருத்தர் ஸ்பின்னர், அதாவது மில்லுல நூல் நூக்கறவர், இன்னொருத்தர் நிலக்கரி சுரங்கம்.

1837க்கு முன்னாடி போகணும்னா சர்ச் ரெஜிஸ்டர்தான். 1813லேர்ந்து ஞானஸ்நானப் பதிவுல அப்பா வேலையும் இருக்கும், ஓல்டம் அப்ப இருந்த லங்காஷயர் கவுண்டின்னா ஆன்லைன் பாரிஷ் கிளர்க்ஸ்னு ஒரு ஃப்ரீ சைட் இருக்கு. வேடிக்கை என்னன்னா ஏழைங்க கதைய அக்கறையா எழுதி வச்சவங்க அவங்களுக்கு சோறு போட இஷ்டமில்லாத ஆளுங்கதான். வெளியூர்க்காரன் உதவின்னு வந்து நின்னா எங்க பொறந்த, யார்ட்ட ஒரு வருஷம் முழுசா கூலிக்கு இருந்தன்னு பாரிஷ்ல, அதாவது அந்த சர்ச் வட்டாரத்து நிர்வாகத்துல, குடைஞ்சு கேட்டு எழுதுவாங்க, அவன் சொந்த பாரிஷ் எதுன்னு தெரிஞ்சா அங்கயே திருப்பி அனுப்பிடலாமே. அந்தக் காகிதம் ஒண்ணு கெடச்சா ஒரு ஆளோட பாதி வாழ்க்கை கைல வந்த மாதிரி.

இப்ப 1911க்கு வர்றேன். முந்தின சென்சஸ்லாம் கணக்கெடுக்க வந்தவர் தன் புக்ல காப்பி பண்ணி எழுதினது, 1911ல வீட்டுக்காரங்க தானே நிரப்பின ஃபாரமே இருக்கு. கல்யாணமான பொம்பளைங்களுக்கு ஒரு கேள்வி, உயிரோட பொறந்தது எத்தன, இருக்கறது எத்தன, செத்தது எத்தன. மாமியாரோட தாத்தாவப் பெத்த அம்மா அப்ப விதவை, அவங்க அதுக்கு பதில் எழுதவே வேணாம். ஆனா எழுதிருக்காங்க. பெத்தது ஒம்பது, தங்குனது அஞ்சு. ஆபீஸ்காரர் தேவையில்லன்னு கோடு போட்டு அடிச்சிருக்கார், ஆனா கோட்டுக்கு அடில நல்லாவே படிக்க முடியுது.

அந்த நாலு பேர் எந்த சென்சஸ்லயும் இல்ல, ஏன்னா ரெண்டு சென்சஸுக்கு நடுவுல வந்துட்டு போய்ட்டாங்க. ஜிஆர்ஓ, அதாவது தலைமைப் பதிவு அலுவலகத்தோட ஆன்லைன் இன்டெக்ஸ்ல குழந்தையோட பிறப்புக்கு பக்கத்துல அம்மாவோட பொறந்த வீட்டு சர்நேமும் இருக்கு, பழைய இன்டெக்ஸ்ல 1911 வரைக்கும் அது கிடையாது. அந்த சர்நேம போட்டு வருஷம் வருஷமா தேடி, அதே டிஸ்ட்ரிக்ட்ல வயசு சைபர்னு இருக்கற இறப்போட சேத்து பாத்தேன். மூணு பேர் கெடச்சாங்க. அதுல ஒரு பையன் 1889ல பொறந்து எட்டு மாசத்துல போயிருக்கான், அவன் பேரும் மாமியாரோட தாத்தா பேரும் ஒண்ணு. அந்தக் காலத்துல போன குழந்தையோட பேர அடுத்ததுக்கு வைக்கறது சகஜம்தான். ஆனா மாமியார் ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தாங்க, எங்க தாத்தாவ வீட்ல யாருமே அந்தப் பேர சொல்லி கூப்பிட்டதில்ல, நடுப்பேர்தான் சொல்வாங்க, இதனாலதானான்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்.

நாலாவது குழந்தை இன்னும் கிடைக்கல. பக்கத்து ராச்டேல் டிஸ்ட்ரிக்ட்ல பாருன்னு மாமியாரே இப்ப நச்சரிக்கறாங்க, இந்த வாரம் அதான் வேலை.