அப்பாரு வெச்சுட்டுப்போன ரெக்கார்டும் ஆறாயிரம் ரூவாயும்

அண்ணா வணக்கமுங்க. ஊரு காங்கேயம் பக்கம், வேலை திருப்பூர்ல பனியன் கம்பெனில. எங்க அப்பாரு அந்தக் காலத்துல மைக் செட் வெச்சிருந்தவரு. போன மாசம் அட்டாலிய ஒழிச்சப்ப ரெண்டு பொட்டி ரெக்கார்டும் ஒரு ஆம்ப்ளிபயரும் கெடச்சுது, பிளேயர எப்பவோ வித்துட்டாங்களாம். கேட்டுப் பாக்கோணும்னு ஆசைங்ணா, கையில ஆறாயிரந்தான் இருக்குது. ஆன்லைன்ல சூட்கேஸ் மாதிரி பிளேயர் அந்த வெலைக்கு வருது, வாங்கலாமுங்களா?

தம்பிக்கு,

வாங்கிப்போடாதீங்க. மொதல்ல பொட்டிய எறக்கி தட்டுகள வகை பிரிங்க, ஏன்னா எல்லாத் தட்டும் ஒரே ஊசில ஓடாது.

10 இஞ்ச்ல நல்ல கனமா இருந்து கீழ உழுந்தா ஒடையற சாதி இருக்குதுல்ல, அது 78 ஆர்பிஎம், நிமிசத்துக்கு 78 சுத்து. அது வினைல்ங்கற பிளாஸ்டிக்கே இல்லீங்க, அரக்குத் தட்டு. 7 இஞ்ச் சின்னத் தட்டு ஈபி, 45ல ஓடும், பெரும்பாலும் பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. 12 இஞ்ச் எல்பி, 33. மைக் செட்டுக்காரரு பொட்டின்னா அரக்குத் தட்டும் கெடக்கலாம். அதுல பாட்டு பதிஞ்சிருக்கற பள்ளம் அகலம், எல்பி ஊசிய விட மூணு நாலு மடங்கு பருமனான முனை வேணும். சூட்கேஸ் பிளேயர்ல 78னு சுவிட்ச் இருக்கும், ஊசி என்னமோ எல்பி ஊசிதான், அது பள்ளத்தோட அடில போயி அழுக்கக் கிண்டிட்டு இருக்கும், உங்களுக்கு இரைச்சல்தான் கேக்கும்.

இன்னொண்ணு, நோம்பி, கல்யாணம், காதுகுத்துன்னு ஒரே பாட்ட விடியால இருந்து ஓட்டுன தட்டுக இது, ஊசி தேஞ்சாலும் மாத்தாம ஓட்டியிருப்பாங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கருப்பு மினுமினுப்பு போயி சாம்பல் பூத்தாப்ல இருந்தா அந்தப் பள்ளம் போச்சுங்க, லட்ச ரூவா பிளேயர்ல போட்டாலும் கரகரப்பு போகாது. அப்பாரு நெனப்புக்கு வெச்சுக்கலாம்.

கழுவறப்ப ஒரே ஒரு எச்சரிக்கை, அரக்குத் தட்டுல ஸ்பிரிட் படவே கூடாது, கரைஞ்சு போயிரும். ஆறுன தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு, லேபிள்ல ஈரம் படாம, மெத்துன துணில பள்ளத்தோட போக்குலயே தொடைங்க, அப்பறம் நல்ல தண்ணில ஒருக்கா. காஞ்சதும் நிக்க வெச்சு அடுக்கோணும். திரும்ப அட்டாலில ஏத்திராதீங்க, சித்திரை வெயிலுக்கு வினைல் அப்பளமாட்டம் வளைஞ்சுரும்.

இப்ப பிளேயருக்கு வரேன். உங்க பணத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல பழைய நாலு ஸ்பீடு (16, 33, 45, 78) பிளேயர் தேடுங்க, பிலிப்ஸோ எச்எம்வியோ எதுன்னாலும் சரி. கோயமுத்தூர், ஈரோடுல பழைய சாமான் கடைக்காரங்ககிட்டயும் ரேடியோ மெக்கானிக்குககிட்டயும் சொல்லி வெச்சா கெடைக்கும். கையில எடுத்ததும் ஊசி மாட்டியிருக்கற எடத்த, காட்ரிட்ஜ்னு சொல்லுவாங்க, அதப் பாருங்க, பல மாடல்ல அங்க ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், இப்படித் திருப்புனா எல்பி ஊசி, அப்படித் திருப்புனா 78 ஊசி. உங்களுக்கு வேணும்கறது அதுதான்! தட்டு சுத்தறது ஏறி எறங்குனா உள்ள இருக்கற ரப்பர் சக்கரம் இறுகிருச்சுன்னு அர்த்தம், வெலையக் கொறச்சுக் கேளுங்க. மிச்சப் பணத்துல புது ஊசி, வேற எதுலயும் மிச்சம் புடிங்க, ஊசில புடிக்காதீங்க.

ஆனா அதுல எல்லாத்தையும் போட்டுறக்கூடாது. பழைய மோனோ காட்ரிட்ஜ் ஒத்தத் தடச் சத்தத்துக்குன்னு செஞ்சது, அதோட ஊசி மேலயும் கீழயும் அசைஞ்சு குடுக்காது, ரெண்டு பக்கச் சத்தமும் தனித்தனியாப் பதிஞ்ச ஸ்டீரியோ பள்ளத்துல ஓட்டுனா தட்டு கெட்டுப்போகும். 80கள்ல எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்பி மாதிரி, கவர்ல ஸ்டீரியோன்னு போட்டது நல்ல நெலமைல இருந்தா அதத் தனியா எடுத்து வெச்சுருங்க. பின்னால காசு சேத்து மேக்னெடிக் காட்ரிட்ஜ் இருக்கற டர்ன்டேபிள் வாங்கறப்ப போட்டுக்கலாம், அது தட்ட மூணு கிராம் வாக்குலதான் அழுத்தும், சூட்கேஸ் பிளேயர் அஞ்சாறு கிராமுக்கு அழுத்தும்.

அப்பறம் அந்த ஆம்ப்ளிபயரு. நீங்க அதப் பத்தி ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் பெருசாப் படுது. பழைய பிளேயர்ல பெரும்பாலும் இருக்கறது செராமிக் காட்ரிட்ஜ், அத இப்பத்த ஹோம் தியேட்டர்ல ஆக்ஸ்னு இருக்கற ஓட்டைல சொருகுனா பாட்டு வரும், பாஸ் மெலிஞ்சு போயிரும். மைக் செட் ஆம்ப்ளில இதுக்குன்னே போனோன்னு ஒரு ஓட்டை வெச்சிருப்பாங்க, பின்னால பாருங்க. ஆனா இத்தன வருசம் சும்மா கெடந்தத ஆசைல நேரா கரண்ட்ல சொருகிறாதீங்க தம்பி, கண்டென்சர் போயிருக்கும், மெக்கானிக்கு பாத்ததுக்கப்பறம் சுவிட்ச் போடுங்க.