எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன், வயது 20. தேர்வை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது. ராத்திரி 2 மணி வரை போன், மறுநாள் முழுக்க காபி. நண்பர்கள் எல்லாரும் சாதாரணமாக இருக்கிறார்கள். எனக்கு மனத்திடம் இல்லையா?

பதில்: மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கும், இதயம் வேகமெடுக்கும், செரிமானம் மந்தமாகும், வயிறு பிசைவது அதனால்தான். பாய்ந்து வரும் லாரிக்கும் சரி, தேர்வு அட்டவணைக்கும் சரி, உடம்பு ஒரே மாதிரிதான் தயாராகிறது. லாரி போய்விட்டால் தணிந்துவிடும். உங்கள் தேர்வோ மாதக்கணக்கில் எதிரிலேயே நிற்கிறது.

போனுக்காக உங்களைத் திட்டமாட்டேன். நாள் முழுக்க மனதைப் பிடித்து வைத்திருக்கும் உங்களுக்கு அது ஒன்றுதான் இளைப்பாறல் என்று புரிகிறது. ஆனால் கார்டிசோல் காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டியது, தூக்கம் கெட்டால் அந்த ஒழுங்கும் கெடும். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி, பலருக்கு சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் மிச்சமிருக்கும். மாலை 6 மணிக்குக் குடித்தது 11 மணிக்கும் உங்களை எழுப்பி வைக்கிறது, தூக்கம் வரவில்லையே என்று போனை எடுக்கிறீர்கள், மறுநாள் மறுபடி காபி. படபடப்பு தேர்வால் வருகிறதா, இந்தச் சுற்றால் வருகிறதா என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியாது.

அதனால் முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். காபி மதியத்தோடு போதும். படிக்கும் நேரத்தில் ஒரு மணி குறைந்தாலும் பரவாயில்லை, 7 மணி நேரமாவது தூங்குங்கள், படித்தது நினைவில் பதியவே தூக்கம் வேண்டும். படபடக்கும்போது 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும்.

அப்புறம் அந்த நண்பர்கள். உங்களைப் பற்றியும் அவர்கள் 'சாதாரணமாக இருக்கிறான்' என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், நீங்களும் யாரிடமும் சொல்லவில்லையே! ஒருவரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரத்தில் தூக்கமோ பசியோ திரும்பாவிட்டால் டாக்டரைப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட அந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, ராத்திரி எத்தனை மணியானாலும் வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள்.