ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுக்கும் முன்: ஒரு கிளைச் செயலாளருக்குப் பதில்

கேள்வி: தோழர், அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் நடத்துநராக இருக்கிறேன். போன மாதம்தான் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஆனேன். ஊதிய ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது. பேச்சை இழுத்தடித்தால் ஸ்டிரைக் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். புதுச் சட்டப்படி ஸ்டிரைக் என்றாலே ஜெயில் என்று டிப்போவில் சிலர் பயமுறுத்துகிறார்கள். நோட்டீஸே வேண்டாம், எல்லாரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு என்கிறார்கள் வேறு சிலர். சம்பளம் பிடிப்பார்களா? கிளை அளவில் நான் இப்போதிருந்தே செய்ய வேண்டியது என்ன?

பதில்: லீவு யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் வேலைநிறுத்தத்துக்கான விளக்கமே விரிந்துவிட்டது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். லீவு லெட்டர் கையில் இருப்பதால் தப்பித்துவிட முடியாது. நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம் என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஜெயில் பேச்சு பாதி உண்மை. வேலைநிறுத்தம் குற்றமல்ல, சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத்தான் தண்டனை. 1947ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் கலந்துகொண்டவருக்கு ஒரு மாதம் வரை சிறை இருந்தது, ஆனால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இப்போது கலந்துகொள்கிறவருக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை, தூண்டுகிறவருக்கு 10,000 முதல் 50,000 வரை. சிறை இருவருக்கும் ஒரு மாதம் வரைதான். கிளைச் செயலாளரான உங்களை இரண்டாவது வகையில்தான் வைப்பார்கள். அதனால் தேதிகள் உங்களுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும்.

தேதிக் கணக்கு நோட்டீஸுக்கும் முன்பே தொடங்குகிறது. நடப்பு ஒப்பந்தம் அமலில் இருக்கும்வரை, அதில் தீர்த்துக்கொண்ட விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. காலம் முடிந்த மறுநாளே ஒப்பந்தம் செத்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 60 நாள் கழியும்வரை அது இரு தரப்பையும் கட்டும். அந்த நோட்டீஸும் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் சார்பில் போனால்தான் செல்லும். உங்கள் தலைமைச் சங்கம் அதைக் கொடுத்துவிட்டதா, கூட்டமைப்பாகக் கொடுத்தார்களா, எந்தத் தேதியில் நிர்வாகம் பெற்றுக்கொண்டது என்று கேட்டு நகல் வாங்கி வையுங்கள். வாயிற்கூட்டத்தில் எவ்வளவு முழங்கினாலும், பிறகு கோர்ட்டில் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

அப்புறம் ஸ்டிரைக் நோட்டீஸ். கொடுத்து 14 நாள் ஆகும் முன் இறங்கக்கூடாது. 60 நாளைத் தாண்டினால் அந்த நோட்டீஸ் காலாவதி, புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் நோட்டீஸ் நமக்குப் பழகியதுதான். இடையில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் நடத்தும் சமரசப் பேச்சு வந்து உட்காரும். பழைய சட்டத்தில் நோட்டீஸ் சமரச அலுவலர் கைக்குப் போன அன்றே சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. இப்போது அவர் நடத்தும் முதல் கூட்டத்திலிருந்துதான் கணக்கு. ஸ்டிரைக் நோட்டீஸ் உள்ள தாவாவில் (தொழில் தகராறில்) 14 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். சமரசம் நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தத்துக்குத் தடை. முதல் கூட்டம் என்றைக்கு, அறிக்கை என்றைக்குப் போனது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சார் வாயால சொன்னார்" என்பதெல்லாம் உதவாது.

உண்மையான பொறி இதற்கு அடுத்தது. முன்பு அரசு தாவாவைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினால்தான் அங்கே போகும். இப்போது சமரசம் தோற்றால் எந்தத் தரப்பும் நேரடியாகத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம், நிர்வாகமும் போடலாம். போட்டுவிட்டால் வழக்கு முடியும்வரையும், முடிந்த பிறகு 60 நாளும் வேலைநிறுத்தத்துக்குத் தடை. ஆக, சட்டத்துக்குள் நின்று இறங்கக் கிடைக்கும் இடைவெளி மிகச் சிறியது. என் கருத்து இதுதான்: ஸ்டிரைக் நோட்டீஸை இனி பேச்சுவார்த்தையின் ஒரு கட்டமாகப் பாருங்கள். நோட்டீஸ் நிலுவையில் இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் நிர்வாகத்துக்கு நெருக்கடி அதிகம். அதற்குள் பேசி முடிக்கும் அளவுக்குத் தயாராக இருக்கிற சங்கமே ஜெயிக்கும்.

தயார் என்றால் என்ன? கோரிக்கைப் பட்டியலில் அறுபது எழுபது அம்சங்கள் இருக்கட்டும், தப்பில்லை. எந்த மூன்றுக்காகச் சம்பளத்தை இழக்கவும் ஆள் தயார் என்பதைக் கிளையில் கேட்டுத் தெரிந்து மேலே சொல்லுங்கள். ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர், ஓய்வுபெற்றவர் ஆகியோரின் பதில் ஒன்றாக இருக்காது. 2024 ஜனவரி ஸ்டிரைக்கில் ஓய்வூதியர்களின் அகவிலைப்படி பெரிய கோரிக்கையாக நின்றதை மறந்துவிடாதீர்கள்.

சதவீதத்தை மட்டும் பார்த்துச் சண்டை போடாதீர்கள் என்றும் சொல்வேன். நம் போக்குவரத்துக் கழகங்களின் 13ஆவது ஊதிய ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் வந்திருக்க வேண்டும், 2018 ஜனவரியில் வந்தது. 14ஆவது 2019 செப்டம்பருக்கு உரியது, 2022 ஆகஸ்டில் 5 சதவீதத்தோடு கையெழுத்தானது. 15ஆவது 2023 செப்டம்பருக்கு உரியது, 2025 மே மாதம் 6 சதவீதம். ஒவ்வொரு முறையும் ஒரு வருடத்துக்கு மேல் தாமதம். உயர்வு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மாதத்துக்கு நிலுவை இல்லாமல் கையெழுத்துப் போட்டால் ஒருவருக்கு 40,000 ரூபாய் போச்சு. அரை சதவீதத்துக்கு மல்லுக்கட்டுகிற நாம், பணப்பயன் எந்தத் தேதியிலிருந்து என்ற வரியைச் சில சமயம் கடைசி நேரத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

பேச்சு மேஜையில் யார் உட்காருவது என்பதும் மாறியிருக்கிறது. 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கம் இருந்தால் அது மட்டும் பேசும். இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. சந்தா புத்தகத்தை ஒழுங்காக வைத்திருங்கள், இரட்டை உறுப்பினர்களைக் களையுங்கள். 2018இல் ஊதியத்தைப் பெருக்கும் 2.44 காரணியை ஏற்றுச் சில சங்கங்கள் கையெழுத்திட்டன, 2.57 கேட்ட தொமுசவும் சிஐடியுவும் வெளியே நின்றன. சமரச அலுவலர் முன் போட்ட ஒப்பந்தம் கையெழுத்திடாதவரையும் கட்டும் என்பதை அன்று பலர் கசப்போடு கற்றுக்கொண்டார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது 1990இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருந்தால்தான் சம்பளம் கேட்கலாம் என்றது 1994இன் அரசியல் சாசன அமர்வு. இரண்டுமே இருக்க வேண்டும். அதோடு பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரை கூடுதலாகப் பிடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே சம்பளம் போகும் என்றே உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். போராட்டம் முடிகிறபோது அந்த நாட்களை விடுப்பாகச் சரிக்கட்டுவது, பழிவாங்கல் கூடாது என்பது இரண்டையும் உடன்பாட்டிலேயே எழுதி வாங்க வேண்டியது தலைமையின் வேலை.

கிளையில் யாருக்கு எந்தத் தேதியில் இ.எம்.ஐ., யாருக்குக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன், யார் வீட்டில் கல்யாணம், யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் நாள் பஸ் எடுக்கப் போகிறவர் பெரும்பாலும் கொள்கை மாறியவர் அல்ல, வங்கியிலிருந்து மெசேஜ் வந்தவர். அவர்களுக்கு அரிசி பருப்பாவது தர ஒரு சிறு நிதியை இப்போதே ஆரம்பியுங்கள், ரசீது போட்டு வசூலியுங்கள்.

ஸ்டிரைக் தொடங்கும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 4 மாலை பல இடங்களில் பஸ்கள் திடீரென நின்று பயணிகள் நடுவழியில் தவித்தார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தலையிட்டது. 11ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக வைத்த பிறகுதான் ஸ்டிரைக் முடிந்தது. பொங்கல் நேரம் நிர்வாகத்துக்கு நெருக்கடி தரும் என்று நினைத்து இறங்குகிறோம். அந்த நெருக்கடி முதலில் நம் மீதே திரும்புகிறது. 2024இலும் பொங்கலுக்கு முன் போய், நீதிமன்றத்தில் சொல்லி 19ஆம் தேதி வரை ஒத்திவைக்க வேண்டியிருந்தது.

எனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்பை முடியுங்கள், வண்டியை டிப்போவில் விடுங்கள். நீங்களே நடத்துநர், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்: டிக்கெட் மெஷின், கலெக்‌ஷன் பணம், வேபில் (டிக்கெட் கணக்குத் தாள்) மூன்றையும் ஒப்படைத்து ரசீது வாங்காமல் யாரும் வெளியே வரக்கூடாது. ஸ்டிரைக்குக்காக வரும் மெமோவைச் சமாளித்துவிடலாம். பணப்பையோடு வீட்டுக்குப் போனவர் மீது கையாடல் குற்றச்சாட்டு வந்தால் சங்கம் பல வருடம் அலைய வேண்டியிருக்கும். தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டி ஓட்டினால் வாசலில் கோஷம் போடுங்கள், கல்லைத் தொடாதீர்கள்.

கடைசியாக, 2003ஐச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கு. அந்த ஜூலையில் சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் டிஸ்மிஸ் ஆனது அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்டிரைக். ஸ்டிரைக் செய்ய அவர்களுக்கு உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த வழக்கில்தான். அவர்களை நடத்தை விதி கட்டுகிறது. நீங்கள் கழகத்தின் தொழிலாளி, உங்களுக்குத் தொழிலாளர் சட்டமும் நிலையாணைகளும் (கழகத்தின் பணி விதிகள்). பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி இந்த வாரமே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தாவா நிலுவையில் இருக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ளவரை முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க மறக்காதீர்கள்.