இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை போராடாமலே கிடைத்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பிரிட்டிஷ்காரர் தாமாகவே தூக்கிக் கொடுத்தார்கள் என்ற பேச்சை நானும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன்.

1927இல் இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது நம் தலைவர்களில் பலர் சர்வசன வாக்குரிமையை, அதாவது வயது வந்த எல்லோருக்குமான வாக்கை, கேட்கவேயில்லை. பெண்களுக்கு வாக்கே கூடாது என்று நின்றவர் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அதே ஆண்டில்தான் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள். முதலில் அவர்கள் கேட்டதும் குறிப்பிட்ட தகுதியுள்ள பெண்களுக்கான வாக்கைத்தான்.

ஆனால் சாட்சியத்தின்போது டொனமூர் பிரபு ஒரு கேள்வி போட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? சங்கத்தின் சார்பில் பேசிய ஆக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவர்மீது பெரிய மரியாதை.

பெண்களுக்கு 30 வயது என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. 1931இல் நடைமுறைக்கு வந்தபோது ஆண்களைப் போலவே 21 ஆனது. இங்கிலாந்துப் பெண்களுக்கே அந்தச் சமத்துவம் 1928இல்தான் கிடைத்தது. 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார்.

மலையகத் தோட்டங்களில் வேலை செய்த அந்த இந்தியத் தமிழ்ப் பெண்களின் கதை வேறு. குடியிருப்பு நிபந்தனைகளால் தோட்டத்து மக்களில் பலருக்கு 1931இலேயே வாக்கு எட்டவில்லை. எட்டியதையும் 1948 பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டமும் 1949 தேர்தல் திருத்தமும் பறித்தன. ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்த என் அம்மாயி 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர். அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பில் பெயரில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், பிறந்தவருக்கு யார் அதைப் பதிந்து வைத்தார்கள்? அதற்கப்புறம் அவர் வாக்குச்சாவடிக்குப் போனது பேரப்பிள்ளைகள் கண்ட பிறகு.

1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க பதவியேற்றது இதே நாட்டில்தான். அன்றைக்கு அம்மாயியைப் போன்ற இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. எந்தப் பெண்ணிடமும் விருப்பம் கேட்டு யாரும் அதில் கையெழுத்திடவில்லை. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003 வரை சட்டம் மேல் சட்டமாகப் போட வேண்டியிருந்தது.