தல்மூத் பக்கமும் மாணவிகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: யூத மரபில் பெண்களுக்குத் தல்மூத் (யூதச் சட்ட விவாதங்களின் பெருநூல்) கற்பிக்க மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தல்மூத் ஆசிரியை எப்படி இருக்க முடியும்?

நீங்கள் படித்தது பாதி சரி. இந்த விவாதம், தல்மூத்துக்கு அடிப்படையாக கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூலிலேயே இருக்கிறது. சோட்டா என்ற பகுதியில், மகளுக்குத் தோரா (யூத வேதம்) கற்பிப்பது தந்தையின் கடமை என்கிறார் பென் அஸ்ஸாய் என்ற அறிஞர். உடனே ரபி (சமய ஆசான்) எலியேசர், அப்படிக் கற்பிப்பவன் அவளுக்கு அற்பத்தனத்தைக் கற்பிக்கிறான் என்று மறுக்கிறார். பல நூற்றாண்டுகள் எலியேசரின் சொல்தான் ஓங்கியிருந்தது. 1917இல் போலந்தின் கிராக்கூவ் நகரில் சாரா ஷெனிரெர் தொடங்கிய பேஸ் யாக்கோவ் பள்ளி, பெண்களுக்கு முறையான சமயக் கல்வியைக் கொண்டுவந்தது. அந்த வழிவந்த பள்ளிகளில் வேதமும் சட்டமும் உண்டு. தல்மூத் பொதுவாகப் பாடத்தில் இல்லை.

இன்னொரு கிளை ரபி ஜோசஃப் சோலவெய்ச்சிக்கிடமிருந்து கிளம்பியது. அவர் 1937இல் பாஸ்டனில் நிறுவிய மைமோனிடீஸ் பள்ளியில் மாணவிகளும் தல்மூத் படித்தார்கள். 1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் மகளிர் கல்லூரியில் தல்மூத் வகுப்பைத் தொடங்கி வைத்து முதல் பாடத்தை எடுத்தவரும் அவரே. இன்று நவீன ஆர்த்தடாக்ஸ் (மரபைப் பேணியபடியே நவீனக் கல்வியையும் ஏற்கும் பிரிவு) பெண்கள் பள்ளிகள் பலவற்றில் தல்மூத் அன்றாடப் பாடம்.

கேள்வி: நிறுத்தக்குறியே இல்லாத அரமேய மொழிப் பக்கத்தைப் பதினான்கு வயதுப் பெண் எப்படித்தான் படிக்கிறாள்?

பக்கத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். நடுவில் மூலம்: மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த கெமாரா விவாதமும். தைப்பு ஓரத்தில் ராஷியின் (1040–1105) உரை. வெளி ஓரத்தில் தோசஃபோத் என்னும் பிற்கால உரை. உயிர்க்குறி கிடையாது, வாக்கியம் எங்கே முடிகிறது என்ற அடையாளமும் கிடையாது. ஆகவே முதல் சில வாரங்களில் பொருளைவிட வழிகாட்டிச் சொற்களைப் பழக்க வேண்டும். ‘தா ஷ்மா’ (வந்து கேள்) என்றால் சான்று வருகிறது. ‘மேய்திவே’ என்றால் பழைய மூலத்திலிருந்து எதிர்ப்பு. ‘தேகூ’ என்றால் தீராமல் நிற்கிறது. இப்படி இருபது முப்பது சொற்கள் பிடிபட்டதும், கேள்வி, விடை, சான்று, தடை ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்து நகலெடுத்த பக்கத்தில் மாணவியே தீட்டலாம்.

தொடக்கத்துக்கு எங்கள் தேர்வு பாவா மெட்ஸியா என்ற தல்மூத் பகுதியின் இரண்டாம் அத்தியாயம். தெருவில் கிடக்கும் பொருள் யாருக்கு என்ற கேள்வி எந்தப் பெண்ணுக்கும் புரியும். சிதறிக் கிடக்கும் தானியம் கண்டெடுத்தவருக்கே என்கிறது மிஷ்னா. எவ்வளவு சிதறினால்? நான்கு முழ இடத்தில் ஒரு ‘காவ்’, அதாவது இருபத்து நான்கு முட்டை அளவு. பொறுக்கும் பாடு பொருளைவிடப் பெரிதானால் உரிமையாளர் கைவிட்டுவிடுவார் என்பது காரணம்.

அடுத்து வருவதுதான் அத்தியாயத்தின் உயிர். தொலைந்ததே தெரியாதவர் மனத்தால் கைவிட்டதாகக் கொள்ளலாமா? கூடாது என்கிறார் தல்மூத் அறிஞர் அபாயே. அடையாளம் இல்லாத பொருள், தெரிந்தால் எப்படியும் கைவிடுவார், ஆகவே கொள்ளலாம் என்கிறார் இன்னோர் அறிஞர் ராவா. உடனே சான்று வருகிறது: சிதறிய காசும் எடுத்தவருக்கே என்கிறதே மிஷ்னா, விழுந்தது உரிமையாளருக்குத் தெரியாதே? விடை: மனிதன் தன் பணப்பையை அடிக்கடி தடவிப் பார்ப்பான், தெரிந்திருக்கும். அத்திப்பழ அடைக்கு? கனமானது, விழுந்தால் உணர்வான். இந்தச் சங்கிலியை மாணவிகள் மூன்று பத்தி அட்டவணையாக எழுத வேண்டும்: சான்று, யாருக்கு எதிரானது, எப்படித் தீர்ந்தது. இறுதியில் சட்டம் அபாயேயின் பக்கம். ராவாவோடு மோதி அபாயே வென்றவை தல்மூத் எண்ணிச் சொல்லும் ஆறு இடங்கள்தாம். இது அவற்றில் ஒன்று. அந்த முடிவை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இடையிலுள்ள சான்றுகளை யாரும் எடைபோட மாட்டார்கள்.

கேள்வி: வகுப்பில் எங்கே சறுக்குகிறது?

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது மொழிபெயர்ப்பு. விளக்கத்தை இடையிலேயே நிரப்பிய பதிப்புகளை வகுப்பில் திறந்தால் மாணவிக்குக் கதை தெரியும், பக்கம் தெரியாது. இரண்டாம் ஆண்டிலும் தனியாக நான்கு வரி வாசிக்க வராது. வகுப்பில் வெற்றுப் பக்கம் இருக்கட்டும். மொழிபெயர்ப்பு வீட்டில், தான் முயன்றதைச் சரிபார்க்க மட்டும்.

இரண்டாவது ஹவ்ரூத்தா என்னும் இருவர் சேர்ந்து படிக்கும் முறை. வல்லவள் வாசிக்க மற்றவள் தலையாட்டினால் ஒருத்திதான் படிக்கிறாள். ஐந்து வரிக்கு ஒருமுறை வாசிப்பவர் மாறட்டும், வாசிக்காதவள் வாதத்தைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். இதற்கு இருபது நிமிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆசிரியை பேசத் தொடங்க வேண்டும். முதலிலேயே விளக்கிவிட்டால் இருவருக்கும் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது ராஷி. அவர் உரை அச்சாகும் எழுத்து வேறு. அதில் ‘சாமேக்’கும் இறுதி ‘மேம்’ எழுத்தும் குழம்பும். அதற்குப் பயந்து உரையைத் தாண்டிப் போகிறார்கள். நாளுக்கு ஐந்து வரி சத்தமாக வாசித்தால் எழுத்து பழகிவிடும். பிறகு, ‘இந்தச் சொல்லில் ராஷிக்கு என்ன இடறியது?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ஹலாகா, அதாவது சட்டப் பாடம், இதிலிருந்து எப்படி வேறு? “எங்கள் வீட்டில் இறைச்சிக்குப் பிறகு பாலுக்கு மூன்று மணி நேரம், தோழி வீட்டில் ஆறு, எது சரி?” என்று மாணவி கேட்டால் என்ன பதில்?

அந்தக் கேள்வியே ஒரு வாரப் பாடம். ‘குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே’ என்று தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. அங்கே தொடங்கி, தல்மூத்தின் ஹுல்லின் பகுதியில் 105ஆம் ஏட்டுக்குப் போகலாம். அங்கே மார் உக்வா என்ற அறிஞர், தன் தந்தை இறைச்சி உண்டால் மறுநாள் அதே நேரம்வரை பாலாடைக்கட்டி தொடமாட்டார், தானோ அடுத்த வேளை உணவில் உண்பதாகச் சொல்கிறார். ‘அடுத்த வேளை’ என்றால் எவ்வளவு? ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்கிறார் 12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ். மேசையை எடுத்து நன்றி மந்திரம் சொல்லிவிட்டாலே அடுத்த வேளைதான் என்கிறது தோசஃபோத். 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆருக், யோரே தேயா என்ற தன் பகுதியின் 89ஆம் பிரிவில், ஆறு மணி நேரம் என்கிறது. அதன்மேல் குறிப்பெழுதிய ரெமா, தன் நாட்டில் ஒரு மணி வழக்கம் என்று பதிந்து, ஆறே நல்லது என்கிறார். மூன்று மணி ஜெர்மனி யூதரின் வழக்கம்.

கெமாரா வரிக்கு மேலே சிறு எழுத்து ஒன்று தெரியும். அதையே ஓரத்தில் ‘ஏன் மிஷ்பாத்’ என்ற குறிப்பில் தேடினால் மைமோனிடீஸிலும் ஷுல்ஹான் ஆருக்கிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். இந்தத் தேடலை மாணவியின் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். சுருக்கக் கையேட்டிலிருந்து தீர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்தவள், நிலைமை சற்று மாறினாலும் திகைப்பாள். எதிர்ப்பக்கமும் தவறு உண்டு: எல்லாக் கருத்தையும் அடுக்கிவிட்டு, ‘ஆகவே என்ன செய்வது?’ என்பதைச் சொல்லாமல் மணியடித்துவிடுவது. கடைசி ஐந்து நிமிடம் நடைமுறைக்கு உரியது. குடும்ப வழக்கத்தை ஆசிரியை மாற்றக் கூடாது. இரு மாணவிகளும் தத்தம் வீட்டு வழக்கப்படி நடக்கட்டும். வகுப்பில் வரும் சொந்தச் சிக்கலுக்கு அங்கேயே தீர்ப்புச் சொல்லாமல் ரபியிடம் அனுப்புவது நல்லது. மணவாழ்வுத் தூய்மைச் சட்டங்களில் ‘யோஎட்செட் ஹலாகா’ என்ற பயிற்சி பெற்ற பெண்களிடமும் கேட்கலாம்; அவர்களின் முதல் அணி ஜெருசலேமின் நிஷ்மத் கல்வி நிறுவனத்தில் 1999இல் வெளிவந்தது.

கேள்வி: இந்த ஆசிரியை வேலைக்கு என்ன பயிற்சி வேண்டும்?

பெண்கள் ஆழமாகப் படிக்கும் இடங்கள் இப்போது உண்டு: நியூயார்க்கில் த்ரிஷா (1979), ஜெருசலேமில் மதான் (1988). ஸ்டெர்ன் கல்லூரியில் தல்மூத் உயர்படிப்பும் இருக்கிறது. சான்றிதழைவிட முக்கியமான சோதனை ஒன்று: படித்திராத ஓர் ஏட்டை எடுத்து, அகராதியும் ராஷியும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மாலைக்குள் பாடமாக்க வருகிறதா என்று பாருங்கள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் ஒரு முழு ஏட்டை எடுக்காதீர்கள். ஆறு வரி போதும்.