நீலச் சட்டைச் சிறுமிக்கு 42,000 ரூபாய்

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு பர்னிச்சர் கடையில், புதுவீட்டு ஹாலில் மாட்ட ஒரு படம் வாங்கினோம். நீல உடுப்பில் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். “அம்ரிதா ஷெர்கில் வரைந்தது, ஒரிஜினல் ஆயில் பெயிண்டிங்” என்று சொல்லி 42,000 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் ‘வால் டெக்கர் - 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. பையன் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது பிரிண்ட் என்கிறான். கடையிலோ, “விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கே” என்கிறார்கள். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. - ஒரு வாசகி, தக்கலை

பதில்: அந்தப் படத்தின் அசல் 2018 நவம்பரில் மும்பை ஏலத்தில் 18.69 கோடி ரூபாய்க்குப் போனது. அதை 42,000க்குத் தந்து, தக்கலை வரை வண்டியில் அனுப்பி, ஆணியும் அடித்துத் தரமாட்டார்கள்.

ஷெர்கிலின் அம்மா ஹங்கேரிக்காரர், அப்பா பஞ்சாபி சீக்கியர். பாரிஸில் ஓவியம் படித்துவிட்டு 1934 கடைசியில் இந்தியா திரும்பினார். திரும்பிய கையோடு, உறவுக்காரச் சிறுமி ஒருத்தியை உட்கார வைத்து வரைந்த படம் இது. சாயத்தைக் கையாண்ட விதம் பாரிஸில் கற்றது. முகமும் நிறமும் நம் மண்ணுடையவை. பிள்ளை சிரிக்கவும் இல்லை, நம்மைப் பார்க்கவும் இல்லை. ஸ்டூடியோ போட்டோவில் வராத அந்தச் சலிப்புதான் எனக்குப் பிடித்தது. (1937இல் தென்னாட்டுப் பயணத்தில் நம் கன்னியாகுமரிக்கும் வந்திருக்கிறார்.)

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். பிரிண்ட் போட்டு விற்பது தப்பே இல்லை. ஓவியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் இங்கே காப்புரிமை முடிந்துவிடும். ஷெர்கில் 1941இல் இறந்தார். பிரிண்ட்டை ‘ஒரிஜினல் ஆயில்’ என்று விற்றார்களே, அதுதான் தப்பு. அசல் இல்லாவிட்டாலும் யாரோ கையால் வரைந்த நகல் என்றால், கொடுத்த காசில் கொஞ்சமாவது நியாயம் இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று போதும். அதைப் படத்துச் சிறுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் பிரிண்ட். ‘தொட்டால் மேடு பள்ளம் தெரிகிறதே’ என்று கடைக்காரர் சொல்வார். பிரிண்ட் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பிரஷால் இழுத்துவிடுவது பழைய வித்தை. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கையால் வரைந்ததென்றால் பிரஷ் தடம் மூக்கோடு வளையும், சட்டை மடிப்போடு இறங்கும். ஜெல் தடமோ முகம், சட்டை, பின்னணி எதையும் கண்டுகொள்ளாமல் குறுக்கே ஓடும். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தவன்தான். டார்ச் அடித்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது!

பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்களா? அதில் ‘ஒரிஜினல்’ என்ற சொல் இருந்தால் பில்லைவிட அதுதான் பலம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தச் சாட்டை அழிக்காமல் வையுங்கள். இந்த வாரத்துக்குள்ளேயே, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பேத்தியை அம்ரிதா ஷெர்கில் பாணியில் ஆயில் பெயிண்டிங்காக வரைந்து தர ஓர் ஓவியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அட்வான்ஸ் கேட்கிறார். பிறகு அந்தப் படத்தை அவரே பிரிண்ட் போட்டு விற்க முடியுமா? - ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: நீங்கள் சொல்லி, காசும் கொடுத்து வரைய வைத்த உருவப்படத்தின் காப்புரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை உங்களுக்குத்தான். ஆகவே அவர் நீட்டும் தாளில் ‘உரிமை ஓவியருக்கே’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேன்வாஸ் அளவு, ஆயிலா அக்ரிலிக்கா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இந்த மாதிரி விஷயத்தில் சண்டை வருவது பெரும்பாலும் காசால் அல்ல. “பிள்ளை ஜாடையே இல்லையே” என்று பாட்டி சொல்வதால். இந்தப் பாணியில் அச்சு அசலான ஜாடை வராது. முதலில் பென்சில் ஸ்கெட்ச் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் பார்த்துச் சரி சொன்ன பிறகு இரண்டாம் தவணை கொடுக்கலாம். அப்புறம், உங்கள் ஊர் ஆடி மழையில் ஆயில் பெயிண்ட் லேசில் காயாது. பேத்தியின் பிறந்தநாள் ஆவணியில் என்றால் சித்திரையிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.