டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் பாதியில் நின்றால்

நண்பரே, காரை ரிமோட்டில் லாக் செய்ததும் ஜன்னல் கண்ணாடிகளைத் தானாக ஏற்றும் மாட்யூலைப் புதிதாகப் போட்டீர்கள், அது மூன்று கண்ணாடிகளை முழுதாக ஏற்றுகிறது, டிரைவர் பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். அவசரப்பட்டு மாட்யூலைக் கழற்றாதீர்கள். கண்ணாடி உச்சியில் முட்டியதும் மோட்டார் இழுக்கும் கரண்ட் எகிறும். பல மாட்யூல்கள் அதை வைத்துத்தான் நிறுத்துகின்றன. கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனல் காய்ந்து இறுகினாலும் கரண்ட் அப்படித்தான் ஏறும், உச்சி வந்துவிட்டதென்று மாட்யூலும் பாதியிலேயே நிறுத்திவிடும். நாம் அதிகம் இறக்கி ஏற்றுவது அந்தக் கண்ணாடியைத்தானே, தூசியும் அங்கேதான் சேரும். ஈரத்துணியைச் சேனலுக்குள் விட்டு இழுங்கள், கறுப்பாக மண் வரும். காய்ந்ததும் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள், கிரீஸ் வேண்டாம். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சுவிட்சில் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் திணறினால் அந்தக் கதவுக்குப் போகும் ஒயர் இணைப்பையும் எர்த்தையும் பாருங்கள்.

இன்னொன்று, குழந்தைகள் காருக்குள் இருக்கும்போது ரிமோட்டைத் தொடவே தொடாதீர்கள். விரல் மாட்டினாலும் நிற்காத மாட்யூல்கள் உண்டு.